மலைக்கு ஆகுமா இந்த வண்டி?

வேலூர் புறவழிச்சாலையை ஒட்டிப் பழைய கார் விற்கும் ஷோரூம்கள் வரிசையாக வந்துவிட்டன. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் ஷோரூமுக்குப் போன மாதம் மகளோடு போயிருந்தேன். வாசலில் நின்ற வெள்ளைக் காரின் கதவை விற்பனைப் பையன் திறந்துவிட்டதும் உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது. ஏசி துவாரத்தில் மாட்டியிருந்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் வாசனை அது. எந்தக் கடையிலும் கிடைக்கும் சரக்குதான். ஆனாலும் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். காருக்குள் சந்தனம் மணந்து நான் பார்த்தது அதற்குமுன் ஓரிடத்தில்தான். திருப்பத்தூரில், வனத்துறை ஏலம் விட்ட வண்டிகளுக்கு நடுவில், மீசை முளைக்காத வயதில் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றபோது.

ஜவ்வாது மலை என்றாலே அன்றைக்குச் சந்தனம்தான். திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கு இருக்கிறது. அங்கே நடக்கும் ஏலத்துக்கு எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வருவார்கள். மரம் கடத்திப் பிடிபட்ட வண்டிகளோ தனியாக ஓர் ஓரத்தில் நிற்கும். வழக்கு நடந்து பறிமுதல் உத்தரவு வரும்வரை மழையும் வெயிலும் குடித்து, டயர் இறங்கி, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து நிற்கும். அப்புறம் ஒருநாள் அவற்றையும் ஏலம் விடுவார்கள். வண்டி தேடுகிற மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும் அன்றைக்கு அங்கே கூடிவிடுவார்கள்.

நான் சொல்லும் வண்டி ஒரு கறுப்பு அம்பாசிடர். பின்சீட்டைக் கழற்றி எடுத்திருந்தார்கள். அதன் கீழே தகரத்தால் இன்னொரு தரை. இரண்டு தரைக்கும் நடுவே கட்டைகளை அடுக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடுக்குகளில் சிராய்கள் கிடந்தன. எத்தனையோ மாதம் வெயிலில் காய்ந்தும் வாசனை போகவில்லை. மாமா தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து பின்பக்கத்து அடியைப் பார்த்தார். "பிளேட்டு கூட்டிக்கிறான் பாரு மாப்ளே" என்றார். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பிளேட் போட்டிருந்தார்கள். மலைக்கு அது நல்லதுதான். எஞ்சினும் நன்றாகவே இருந்தது. இருந்தும் மாமா கேட்கவில்லை. "இத வாங்கினா ஒவ்வொரு செக்போஸ்ட்டுலயும் நம்மள எறக்கி நிறுத்துவான். வாசன போற வரைக்கும் நாமதான் திருடன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

"என்னப்பா, புடிக்கலையா?" என்று மகள் கேட்டபோதுதான் வேலூருக்குத் திரும்பினேன்.

அவள் மலையில் ஆசிரியை. பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. ஜமுனாமரத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரிடம் பேசிக் கூட்டிவர வேண்டும். ஸ்கூட்டரில் போய்ப் போய் இடுப்பு வலி கண்டுவிட்டது. "புது வண்டி வேணாம்பா. மொதக் கீறல் விழுந்ததும் மனசு கஷ்டப்படும். பழசாப் பாருங்க, ஆனா மலைக்கு ஆகணும்" என்றாள். மலைக்கு ஆகணும் என்று அவள் சொன்னது மாமாவின் குரலாகவே கேட்டது. அவள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்த மனிதர் அவர்.

மாமா, அம்மாவுக்கு நேர் தம்பி. நாங்கள் இருந்தது ஆலங்காயத்தில். மாமா ஜமுனாமரத்தூரில் வீடு எடுத்துக்கொண்டு புளி, சாமை, தேன், பலாப்பழம் எல்லாம் வாங்கி அடிவாரத்துக்கு இறக்குவார். உப்பு, மண்ணெண்ணெய், துணிமணி மேலே ஏறும். அதற்கு வண்டி வேண்டும். புது வண்டி வாங்கும் வசதி கிடையாது. வசதி இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைய மலைப்பாதையில் பல இடத்தில் தார் கிடையாது. ஒரு மழைக்காலத்துக்கு மேல் எந்த வண்டியும் புதுசாக இருக்காது.

அவருக்கு முதலில் அமைந்தது ஓர் அரசு அலுவலகம் கண்டம் செய்து ஏலம் விட்ட பெட்ரோல் ஜீப். நாடு விடுதலையடைந்த சமயத்தில் பம்பாயில் மஹிந்திரா கோர்க்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசு. தட்டையான மட்கார்டு, மடித்துப் போடும் முன்கண்ணாடி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க, இன்னொன்று அந்த இழுவையை மெதுவாக்கிப் பலமாக்க. "ஃபோர் வீல் போடு" என்று மாமா சொன்னால் அந்தக் கம்பியைத் தள்ளும் உரிமை எனக்கு. அதற்காகவே பள்ளி விடுமுறைக்குக் காத்திருப்பேன்.

பெட்ரோல் கட்டுப்படியாகாமல் சீக்கிரமே அதில் டீசல் எஞ்சின் ஏறியது. ஆலங்காயத்தில் பட்டறை வைத்திருந்த பாய்தான் மாற்றிக் கொடுத்தார். பெட்ரோல் ஜீப்பை டீசலாக்குவது அந்தக் காலத்தில் எல்லா ஊர்ப் பட்டறையிலும் நடந்த வேலை. மஹிந்திரா நிறுவனமே 1970களில் இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் எஞ்சினை ஜீப்பில் வைத்து விற்றிருக்கிறது. பிறகுதான் பெஜோவின் டீசல் எஞ்சின் வந்தது. எங்கள் ஜீப்பும் டிராக்டர் மாதிரியே சத்தம் போடும். மலையில் எந்த ஊரில் இருந்தாலும் சத்தத்தை வைத்தே இன்னார் வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. சந்தை நாளில் மூட்டைகளுக்கு மேல் ஆள், ஆளுக்கு மேல் குழந்தை, குழந்தை மடியில் கோழி. பின்கதவைக் கிடையாகத் தொங்கவிட்டுச் சங்கிலியால் பிணைத்து அதன்மேலும் நாலு பேர். தப்புதான், ஆபத்துதான். பஸ் அடிக்கடி வராத மலையில் அதைவிட்டால் நடைதான். கூலியைக் காசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அறுப்பு முடிந்ததும் சாமை வரும். தேன் காலத்தில் பாட்டிலில் தேன் வரும். யார் தந்தார், யார் தரவில்லை என்று மாமா எழுதி வைக்கவும் இல்லை.

ஓர் இரவு இப்போதும் எனக்குள் இருக்கிறது. விடுமுறைக்குப் போயிருந்தேன். நடுச்சாமத்தில் கதவைத் தட்டி, "டிரைவர் மாமா, புள்ளைக்கு வலி எடுத்துட்டுது, ஒடனே வாங்க" என்றார்கள். ஜீப் போக முடிகிற கடைசி இடத்தில் போய் நின்றோம். எதிர்ச் சரிவில் பந்த வெளிச்சம் இறங்கி வந்தது. போர்வையை மூங்கில் கழியில் தூளியாகக் கட்டி அந்தப் பெண்ணைச் சுமந்து வந்தார்கள். மாமா அதற்குள் பின்பக்கத்துப் பலகை இரண்டையும் கழற்றிப் புதரில் போட்டுவிட்டு வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கும் என் போர்வையும் விரித்திருந்தார். அவளை நீட்டிப் படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்துகொண்டார்கள். காவலூர் வழியாக இறங்கினோம். வானாய்வகத்தின் குவிமாடம் இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. வானம் அவ்வளவு கறுப்பாக இருந்ததால்தான் 1960களின் கடைசியில் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து நட்சத்திரம் பார்க்க வந்தார்கள். அன்று எங்களுக்கு அந்தக் கறுப்புதான் பயமாக இருந்தது. ஒரே ஒரு ஹெட்லைட். மாமா வழி நெடுக இரண்டாம் கியரிலேயே, பிரேக்கை மிதிக்காமல், ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார். வாணியம்பாடி அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும்போது கிழக்கு வெளுக்கவில்லை. தாயும் பிள்ளையும் நலமாக ஊர் திரும்பியதும் அதே ஜீப்பில்தான்.

அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் மாமா பின்பக்கத்தைத் திறந்து, என்னைத்தான் கூப்பிடுவார். "படு மாப்ளே." நான் படுக்க வேண்டும். கால் முழுசாக நீள வேண்டும். நீளாவிட்டால் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அவர் ஆர்வம் அங்கேயே பாதி வடிந்துவிடும்.

அவர் வண்டி பார்க்கும் முறையை இன்றைக்கு யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா தெரியாது. நான் எழுதி வைக்கிறேன். விடியற்காலையில், சொல்லாமல் போய் நிற்பார். முதலில் பேனட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் விற்பவர் முன்னமே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். "நாளைக்கு வரேன்பா" என்று கிளம்பிவிடுவார். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டீசல் வண்டியின் உண்மை தெரியும். சாவியைத் திருப்பி, ஹீட்டர் பிளக் பழுக்கும்வரை காத்திருந்து அடித்ததும் பிடிக்க வேண்டும். புகை நீலமாக வந்தால் ஆயில் குடிக்கிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து அதன்மேல் கையைக் குவித்து வைப்பார். குப்குப்பென்று காற்று அடித்தால் பேக் கம்ப்ரஷன். எஞ்சின் வேலைக்கு வந்துவிட்டது. பாயும் கூட வந்திருந்தால் நீளத் திருப்புளியின் நுனியை எஞ்சினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். அந்த நேரம் யாரும் பேசக் கூடாது.

பிறகு மண்ணெண்ணெய்த் துணியோடு அடியில் படுத்துச் சேஸிஸை நெடுகத் துடைப்பார். வெல்டிங் தழும்பு இருக்கிறதா, பட்டி பூசி மறைத்திருக்கிறார்களா, அடித்த நம்பர் அசல்தானா. கடைசியில் ஓட்டிப் பார்ப்பது. மேட்டில் ஏற்றிப் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். மாமா இறக்கத்தில் பார்ப்பார். இரண்டாம் கியரில் விட்டுக் கையை எடுத்துவிடுவார். சில வண்டிகளில் கியர் தானாக வழுகி நியூட்ரலுக்கு வந்துவிடும். சமவெளியில் அது சின்னக் குறை. எங்கள் மலை வளைவுகளில் அது உயிர்ப் பிரச்சினை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விற்பனைக்காரர் அந்த நேரத்தில் முருகனைக் கூப்பிடுவார்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எத்தனை விதமான வண்டிகளை நான் சிறு வயதிலேயே தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஹிந்துஸ்தான் ட்ரெக்கர் என்று ஒன்று வந்தது. பெட்டி மாதிரி உடம்பு, உள்ளே அம்பாசிடரின் எஞ்சின். அழகில்லை என்று ஊரில் ஒதுக்கிவிட்டார்கள். மலையில் அதற்கு நல்ல பெயர். காரணம், அம்பாசிடர் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். டாடா சியரா 1991இல் வந்தது. மூன்றே கதவு, பின்பக்கம் வளைந்து ஏறும் பெரிய கண்ணாடி. சில வருடம் கழித்து வேலூரில் ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். நான் மயங்கிவிட்டேன். மாமா கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, "இது ஒடஞ்சா எங்க போவ?" என்று மட்டும் கேட்டார்.

அவரே மயங்கியது ஜோங்காவிடம். ராணுவத்துக்காக ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்த வண்டி, நிசான் பேட்ரோலின் வார்ப்பு. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து ஏலகிரி அடிவாரத்தில் ஒருவர் வைத்திருந்தார். ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஸ்டார்ட் செய்தபோது தரை அதிர்ந்ததே தவிர இரைச்சல் இல்லை. மாமா அதன் மட்கார்டைத் தடவிக்கொண்டே நின்றார். இரண்டு ஆள் நீட்டிப் படுக்க இடம் இருந்தது. செங்குத்தாக ஒரு கரை. அதில் நின்ற இடத்திலிருந்து எடுத்து ஏற்றிக் காட்டினார் அந்த ஆள். விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வாணியம்பாடி வந்ததும், "ஒரு கிராஸ் ஒடஞ்சா ஆலங்காயத்துல கெடைக்காது, வேலூர்ல கெடைக்காது. வண்டி மேல நின்னுட்டா, அன்னைக்கு யாருக்காவது வலி எடுத்தா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அதன்பின் பல வருடம் ராணுவ வண்டி எதைக் கண்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

விநோதமான வண்டிகள் மலைக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சமவெளியில் அவற்றுக்கு விலை சொல்லத் தெரியாது. ஓடாத மாடல், கம்பெனி கைவிட்ட மாடல், அரசு கழித்த வண்டி எதற்கும் ஊரில் மதிப்பு கிடையாது. மலைக்காரன் கேட்ட கேள்விகளே வேறு: சுமக்குமா, ஏறுமா, இறக்கத்தில் நிற்குமா, சாமான் பக்கத்தில் கிடைக்குமா. இந்த நாலும் சரியாக இருந்தால் பெயிண்டும் பெயரும் பொருட்டில்லை. ஊரில் ஓய்ந்த வண்டிகள் மலையில்தான் இன்னொரு ஆயுசு வாழ்ந்தன. அப்படி வாழ்ந்தவற்றை நான் மரியாதையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

காகித விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தை நான் புகழ மாட்டேன். விற்பவர் 29, 30ஆம் நம்பர் படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அது ஆர்.சி. புத்தகத்தோடு கை மாறிக்கொண்டே இருக்கும். நாலாவது ஆள் ஓட்டும் வண்டி முதல் ஆள் பெயரில் இருக்கும். அந்த வண்டி எங்கோ மோதினால் கோர்ட் சம்மன், எப்போதோ விற்றுக் காசை எண்ணி வைத்தவர் வீட்டுக்கு வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாமா இதில் கண்டிப்பானவர். பெயர் மாறாமல் வண்டியை மேலே ஏற்ற மாட்டார். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலையாய் அலைவார்.

இப்போது அந்த அலைச்சலைக் கிளைக் கிளையாக ஷோரூம் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாருதியின் ட்ரூ வேல்யூ 2001இல் தொடங்கியது. மஹிந்திரா ஃபர்ஸ்ட் சாய்ஸ் பின்னால் வந்தது. 2015க்குப் பிறகு செல்போனிலேயே வாங்கி விற்கும் நிறுவனங்களும் வந்துவிட்டன. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும், தங்கள் கைக்கு வந்த வண்டியைப் பற்றி அத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெண் தனியாகப் போய், யாரையும் துணைக்குக் கூப்பிடாமல், நேராக விலை கேட்டு வாங்க முடிகிறது. என் மகளுக்கு நான் துணைக்குப் போனது எனக்காகத்தான். அவளுக்கு என் துணை தேவையே இல்லை. புரோக்கர்கள் பின்னால் அலைந்த காலத்தைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

ஆனால் அந்த ஷோரூமில் சுற்றச் சுற்ற ஒன்று உறுத்தியது. எல்லாம் ஒரே மாதிரி வண்டிகள். வெள்ளை, சாம்பல், வெள்ளை. "கொஞ்சம் வேற மாதிரி, பின்னாடி நல்ல எடமா, தரையிலேர்ந்து ஒசரமா ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டேன். பையன் பொறுமையானவன். கையிலிருந்த டேப்லெட்டைக் காட்டி விளக்கினான். ஒரு வண்டி வந்தால் அதே மாடல், அதே வருடம் எத்தனை விற்றது, என்ன விலைக்கு விற்றது என்று கணக்குப் பார்த்து சிஸ்டம் விலை சொல்லுமாம். "அதிகம் விக்காத மாடலுக்கு சிஸ்டத்துல வெலையே வராது சார். அதனால நாங்க எடுக்கறதில்ல." மாமா காலத்தில் விலை தெரியாததாலேயே மலைக்கு வந்த வண்டிகள் இப்போது விலை தெரியாததாலேயே கடைக்குள் நுழைய முடிவதில்லை.

இருந்ததில் வித்தியாசமானவை என்று இரண்டைக் காட்டினான். ஒன்று, டெல்லிப் பதிவெண் கொண்ட பெரிய எஸ்.யூ.வி. அங்கே பத்து வருடத்துக்கு மேல் டீசல் வண்டி ஓட்டத் தடை வந்தது. அதனால் நல்ல நிலையில் இருந்த பெரிய வண்டிகள் குறைந்த விலைக்குத் தெற்கே இறங்கின. என்.ஓ.சி. வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, பெயர் மாற்ற வேண்டும். இன்னொன்று ஃபோர்டு எண்டவர். மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021இல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. "சர்வீஸ் கெடைக்கும் சார், பார்ட்ஸும் வருது" என்றான். இருக்கலாம். மகள் உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள். "பள்ளத்துல எறக்கணும்னா அகலம் ஜாஸ்திப்பா. எங்க ஊர்ல எதிர்ல மாடு வந்தாலே ஒதுங்க எடமிருக்காது" என்றாள். மாமா இதே மாதிரிதான் பேசுவார்.

கை கழுவ இடம் கேட்டபோது பின்பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு காலி மனையில் புதுக் கார் வாங்கியவர்கள் மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போன வண்டிகள் தூசியோடு நின்றன. அவற்றுக்குப் பாலிஷ் இல்லை, விலைச் சீட்டு இல்லை. கடைசி வரிசையில் ஒரு பொலீரோ இன்வேடர். முன்பக்கம் இரண்டே கதவு, பின்பக்கம் நீளமாக, இரண்டு பக்கமும் எதிரெதிர் பெஞ்சு. இப்போது இந்த மாடல் வருவதில்லை. அதன் டி.என். 25 எண்ணைப் பார்த்ததும் திருவண்ணாமலை மாவட்டத்து வண்டி என்று தெரிந்தது. எங்கள் மலையின் பெரும்பகுதி அந்த மாவட்டம்தான்.

"அது கஸ்டமருக்கு இல்லீங்க சார். புரோக்கருங்க ஏலம் கேட்டு எடுத்துக்குவாங்க" என்று ஓடி வந்தான் பையன். மகள் அதற்குள் பின்கதவைத் திறந்து உள்ளே போயிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நடுவில் குனிந்து எதையோ அளந்தாள். "தம்பி, டேப் இருக்கா?" என்று கேட்டாள். அவன் உள்ளே போய்க் கொண்டுவந்து, தானே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். "எதுக்கு மேடம்?" "ஒரு ஆள் படுக்கணும்." 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008இல் வந்துவிட்டது, மலைக்கும் வருகிறது. சாலை இல்லாத குக்கிராமங்களிலிருந்து சாலை வரைக்கும் இன்றைக்கும் தூளிதான். அங்கிருந்து வண்டி வரும்வரை காத்திருக்கும் நேரத்தை அவள் பார்த்திருக்கிறாள். அந்த இரவுக் கதையை நான் அவளிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. ஒருவேளை சொல்லாமலே இருந்திருக்கலாம். மலை சொல்லிக் கொடுத்திருக்கும்.

பாய் இப்போது இல்லை. அவர் மகன் அதே ஆலங்காயத்தில் பட்டறை நடத்துகிறார். வீடியோவில் கூப்பிட்டோம். "மாமா, மொதல்ல பேனட்டு மேல கைய வைங்க" என்றார். வைத்தேன். குளிர்ந்திருந்தது. பேட்டரி இறங்கியிருந்ததால் வேறொரு வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். போனை எஞ்சின் பக்கம் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். "ஆயில் மூடியத் தொறங்க. கை வைங்க. அடிக்குதா?" "லேசா." "சரி, நாளைக்கு நானே வரேன். பொலீரோ சாமான்தான், மேலேயே கெடைக்கும். கவலப்படாதீங்க" என்றார். மறுநாள் வந்து அடியில் படுத்தார், எழுந்தார். சேஸிஸ் சுத்தம் என்றார். கியர் வழுகுகிறதா என்று பார்க்க ஷோரூமுக்குப் பக்கத்தில் இறக்கம் இல்லை. மேலாளரிடம் பேசி, பையனையும் ஏற்றிக்கொண்டு அமிர்திப் பக்கம் மேடு இருக்கும் இடம் வரை போய் வந்தோம். பையன் அந்தப் பாதையை முதல் தடவையாகப் பார்க்கிறானாம். "ஞாயித்துக்கெழம ஃப்ரெண்ட்ஸோட பீமன் அருவிக்குப் போகணும் மேடம்" என்று மகளிடம் வழி கேட்டுக்கொண்டே வந்தான்.

இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்ததும் மேலாளர் ஒத்துக்கொண்டார். வாரண்டி கிடையாது, பெயர் மாற்றம் மட்டும் அவர்கள் பொறுப்பு. வண்டிக்குப் பதினைந்து வருடம் முடியப் போகிறது. தகுதிச் சோதனை முடித்து மறுபதிவு செய்ய வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி. அதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று பாயின் மகன் ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருக்கிறார்: பின் டயர் இரண்டு, பிரேக் வீல் சிலிண்டர், முன் கிராஸ், பேட்டரி, ஹெட்லைட்டுக்குப் புது வயரிங். பட்டியலின் அடியில், பெஞ்சு இரண்டும் சுவரோடு மடங்குகிற மாதிரி கீல் வைப்பது. மற்ற வேலையெல்லாம் அப்புறம் ஆகட்டும், முதலில் கீலை வையுங்கள் என்று மகள் அவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மலைக்கு பஸ் ஏறினாள்.